மார்கழிக் குளிரில் லினாரியா: கிளிநொச்சி வளவில் ஒரு பூப்பாத்தி

வன்னியில் லினாரியா பூக்குமா என்று கேட்டால், பூக்கும் என்பேன். மார்கழி தொடங்கி மாசி முடியும் வரை, இரவில் பனி இறங்கும் நாட்கள் மட்டும்தான் அதற்கு இங்கே கிடைக்கும். அந்த நாட்களில் பூப் பார்க்க வேண்டுமென்றால், அடைமழை கொட்டும் கார்த்திகையிலேயே நாற்று கையில் இருக்க வேண்டும். மழை நாற்றை அழுகவைக்கும், பங்குனி வெயில் செடியைக் கருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் செடியை எப்படிக் கொண்டுபோய் நிறுத்தினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே குடும்பத்துச் சொந்தங்கள் சிலவற்றையும் பக்கத்தில் வைத்தேன். அவற்றில் ஒன்று நம்முடைய குளக்கரையில் ஏற்கெனவே நிற்பது.

லினாரியாவைப் பார்த்திராதவர்களுக்காக: ஒரு முழ உயரம், ஊசி போல ஒடுங்கிய இலை, தண்டின் நுனியில் கதிராக அடுக்கிய சின்னச் சின்னப் பூக்கள். ஒவ்வொரு பூவும் மேலுதடு, கீழுதடு என்று பிரிந்து வாய் மூடியிருக்கும். கீழுதட்டின் நடுவில் மஞ்சளாக ஒரு மேடு. பூவின் பின்பக்கம் மெல்லிய வால் ஒன்று நீண்டு தொங்கும். தேன் அந்த வாலின் அடியில். இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 150 இனங்கள் உண்டு, பெரும்பாலானவை மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு உரியவை. நான் வளர்த்தது மொரோக்கோ நாட்டு லினாரியா மரோக்கானா. ஓராண்டுச் செடி, ஊதா, இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று ஒரே பைக்கற்றுக்குள் பல நிறம் வரும். அதன் அண்ணன்மாதிரி நிற்கும் ஸ்நாப்டிராகன், அதாவது அன்டிரைனம், நுவரெலியாப் பக்கம் போனவர்கள் எல்லாரும் பார்த்த பூ. கீழுதட்டை இரண்டு விரலால் அமுக்கினால் வாய் திறக்குமே, அதுதான்.

விதையைக் கொழும்பில் ஒரு விதைக்கடையில் வாங்கினேன். அதற்கு முன்பே கனடாவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் கேட்டா: "தம்பி, இஞ்ச ரோட்டுக்கரையெல்லாம் அந்த மஞ்சள் பூ பூத்துக் கிடக்கு. கொஞ்ச விதையை என்வலப்புக்குள்ள போட்டு அனுப்பட்டோ?"

"வேண்டாம் அக்கா, கடைசிவரைக்கும் அனுப்பிப் போடாதேங்கோ" என்றேன். அவ பார்த்தது லினாரியா வல்காரிஸ் என்ற பல்லாண்டுச் செடி. ஐரோப்பாவிலிருந்து தோட்டப் பூவாக வட அமெரிக்காவுக்குப் போய், அங்கே மேய்ச்சல் தரையையும் பயிர் நிலத்தையும் பிடித்துக்கொண்ட களை. வேர் ஓடும் இடமெல்லாம் புதுக் குருத்து விடும். பிடுங்கும்போது அறுந்து நிற்கும் வேர்த்துண்டும் முளைக்கும். பார்த்தீனியத்தோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற வடக்குக்கு இன்னொன்று தேவையில்லை. சட்டமும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதையோ தடியோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். நம்முடைய ஊர்களில் வெளிநாட்டு உறவு இல்லாத வீடு குறைவு. சூட்கேசுக்குள் உடுப்போடு விதையும் வருவது வழக்கமாகிவிட்டது. அன்பாகத்தான் கொண்டுவருகிறார்கள், ஆனால் அதை நிறுத்தத்தான் வேண்டும்.

இடம் கிணற்றடி. எங்கள் வளவு இரணைமடுவின் வாய்க்கால் தண்ணீர் பாயும் பக்கம், செம்மண். மழை பெய்தால் பிசினாக ஒட்டும், காய்ந்தால் அலவாங்கு போட்டாலும் இறங்காது. கிணற்றுக் கட்டிலிருந்து வாழைக்குத் தண்ணீர் ஓடும் சிறு வாய்க்கால் ஒன்று உண்டு. நிலம் அந்தப் பக்கம் சரிந்திருப்பதால், பாத்தியைச் சரிவோடு சேர்த்து நீளமாக வெட்டினேன். மேல் முனை உயர்ந்து காய்ந்தபடி இருக்கும், கீழ் முனையில் எப்போதும் ஈரம் நிற்கும். குடும்பத்தில் எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை வைத்தே இடம் பிரித்தேன்: மேலே லினாரியாவும் அன்டிரைனமும், நடுவில் அஞ்சலோனியா, கீழே நீர்ப்பிரமி. சவர்க்காரத் தண்ணீர் பாத்திக்குள் வராமல் இருக்க, குளிக்கும் கல்லிலிருந்து வரும் ஓட்டத்தை மறுபக்கம் திருப்பிவிட்டேன். அதை முதலே செய்துவிடுவது நல்லது.

மேல்முனை மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, வாய்க்காலில் ஒதுங்கிக் கிடந்த மணலையும், ஒரு வருடம் மக்கிய மாட்டெருவையும் கலந்து, மேட்டுப்பாத்தியாக இழுத்தேன். எரு அதிகம் போடவில்லை. லினாரியா மெலிந்த மண்ணில் பிறந்து வளர்ந்த செடி. சத்துக் கூடினால் இலையாக வளர்ந்து சாயும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். பல பூச்செடிகளுக்கு அது ஆகாது, இலை மஞ்சளிக்கும். லினாரியாவுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. சுண்ணாம்பு மண்ணை அது தாங்கும்.

இனி விதைப்பு. வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

விதை தூசு போன்றது. அன்டிரைனத்தில் ஒரு கிராமுக்கு ஆயிரக்கணக்கில் வரும். மண்ணால் மூடினால் முளைக்காது, வெளிச்சம் படவேண்டும். முளைப்பதற்கு ஏற்ற வெப்பம் லினாரியாவுக்கு 15 பாகை அளவு, அன்டிரைனத்துக்கு 20 பாகை அளவு. கார்த்திகை மழை நாட்களில் வன்னியின் இரவு 20ஐ ஒட்டி இறங்கும். பகலிலும் வானம் மூடிக்கிடந்தால் சூடு ஏறாது. ஆகவே மழைதான் நமக்குக் குளிரையும் தருகிறது, அழுகலையும் தருகிறது. குளிரை எடுத்துக்கொண்டு நனைவைத் தடுக்க வேண்டும்.

கொட்டிலின் வடக்குத் தாழ்வாரத்தில், கிடுகு வேய்ந்த கூரையின் கீழ் ஒரு வாங்கைப் போட்டேன். கூரைக்கு மேல் தறப்பாள். விதைத்தட்டாக நான் எடுத்தது காலி யோகட் கோப்பைகளும் ஐஸ்கிரீம் பெட்டிகளும், அடியில் சூடாக்கிய கம்பியால் ஓட்டை. கலவை: அலசிய தும்புத்தூள் இரண்டு பங்கு, அரைகுறையாக எரித்த உமி ஒரு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு. மாட்டெரு போடவில்லை, நாற்றுப் பருவத்தில் அது பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. கலவை முழுவதிலும் கொதிதண்ணீர் ஊற்றி ஆறவிட்டேன். தும்புத்தூளை அலசுவது எதற்கென்றால், அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவிட்டுப் பிழிந்து, மண்ணிறத் தண்ணீர் தெளியும் வரைக்கும் மாற்ற வேண்டும்.

விதையைக் காய்ந்த நைஸ் மணலோடு கலந்து, மடித்த கடதாசியின் விளிம்பால் தட்டித் தட்டிப் போட்டேன். மணல் வெள்ளையாகத் தெரிவதால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று தெரியும். பிறகு உள்ளங்கையால் மெதுவாக ஒரு அழுத்து. தண்ணீர் மேலிருந்து ஊற்றக்கூடாது. பூவாளியின் மெல்லிய துளிகூட விதையை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போகும். கோப்பைகளைத் தட்டில் நிறுத்தி, தட்டில் தண்ணீர் விட்டால் கலவை கீழிருந்து உறிஞ்சும். மேற்பரப்பு கருமையாக மாறியதும் தட்டை வடித்துவிட வேண்டும்.

எறும்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இவ்வளவு சிறிய விதையை எறும்பு ஒரு இரவில் அள்ளிக்கொண்டு போய்விடும். சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதையே வாங்குக்கும் செய்தேன்: நாலு காலும் தண்ணீர் நிரப்பிய பேணிக்குள். தண்ணீரில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் நுளம்பும் முட்டையிடாது.

ஒரு வாரத்துக்குப் பிறகு பச்சைத் தூள் தூவியதுபோல முளை தெரிந்தது. அடுத்த ஆபத்து நாற்றழுகல். தண்டு மண்ணோடு தொடும் இடத்தில் கறுத்து, நூல்போல மெலிந்து, படுத்துவிடும். பித்தியம் போன்ற, பூஞ்சணத்தை ஒத்த நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. அடைமழை நாட்களில் ஓரத்துக் கோப்பைகள் சில அப்படிப் போய்விட்டன. அழுகல் தொடங்கிய கோப்பையை அந்த நிமிடமே தூரக் கொண்டுபோய்க் கொட்டினேன். மிச்சக் கோப்பைகளுக்கு இடையில் காற்று ஓட இடம் விட்டு, நெருக்கமான முளைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கலைத்தேன். பிடுங்கினால் பக்கத்து வேரும் வரும். நெருக்கம் குறைந்ததும் அழுகல் நின்றது. மருந்து எதுவும் அடிக்கவில்லை.

லினாரியா வேரைக் கிளறுவதை விரும்பாத செடி. அதனால் ஒரு கோப்பையில் நாலைந்து நாற்றை ஒரு கொத்தாகவே விட்டு, கோப்பையை வெட்டி, மண்கட்டியோடு அப்படியே பாத்தியில் இறக்கினேன். மார்கழி முதல் வாரம், மழை விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்கிய நேரம். அன்டிரைனம் தனித்தனியாக நடத் தாங்கும். நாலு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும். நட்ட அன்றைக்கே மயிலுக்குத் தெரிந்துவிடும் என்பது வன்னியில் தோட்டம் செய்யும் எல்லாருக்கும் தெரியும். இலந்தை முள்ளுக் கொப்புகளைப் பாத்தியின் மேல் கவிழ்த்துப் போட்டேன். நத்தைக்குச் சுற்றிவரச் சாம்பல். மழை பெய்தால் மறுபடி போட வேண்டும். விடிய ஒரு தரம் போய்க் கையால் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி.

தை பிறந்த பிறகு முதல் கதிர் விரிந்தது. பனி சொட்டும் விடியலில் அந்த ஊதாவும் மஞ்சளும் செம்மண்ணின் மேல் என்ன அழகு! வேலியால் போனவர்கள் நின்று கேட்டார்கள். பக்கத்து வளவு ஆச்சி, "இதென்னடா தம்பி, பூவுக்கு வால் முளைச்சிருக்கு?" என்றா.

அந்த வாலை வைத்து என் பெறாமகளோடு ஒரு காலை முழுவதும் போனது. அவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வெள்ளைப் பூவொன்றை வெயிலுக்கு எதிரே பிடித்தால் வாலுக்குள் தேன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். வாய் மூடியிருப்பதால் உதட்டைத் தள்ளும் பலமும், வாலின் அடிவரை எட்டும் நீளமான நாக்கும் இருக்கிற பூச்சிதான் ஒழுங்கான வழியால் தேன் எடுக்கலாம். ஐரோப்பாவில் அந்த வேலையைப் பம்பிள்பீ என்ற பெருந்தேனீ செய்கிறது. பம்பிள்பீ இலங்கையில் இயற்கையாக இல்லை. எங்கள் பாத்திக்கு வந்தது நீலப்பட்டை போட்ட தேனீ. ஓரிடத்தில் நிற்காமல் அந்தரத்தில் மிதந்து மிதந்து பூவுக்குள் நாக்கை விடும். அதற்கு நாக்கு நீளம். மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் கருவண்டும் வந்தது. அன்டிரைனத்தில் அது உதட்டில் இறங்கியதும் பாரத்தில் வாய் திறந்துவிடும். லினாரியாவில் அதற்குப் பூ சிறிது. வாலைப் பக்கவாட்டில் கிழித்துத் தேனை எடுத்துக்கொண்டு போனது. மகரந்தத்தைத் தொடவே இல்லை.

"சித்தப்பா, அஞ்சு இதழும் ஒரே மாதிரி இருந்தா இந்தக் கரைச்சலே இல்லையே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அப்படியும் பூ உண்டு. 1742இல் சுவீடனில் ஸ்டொக்ஹோம் அருகே உள்ள தீவொன்றில் சியோபர்க் என்ற மாணவர் ஒரு லினாரியா வல்காரிஸ் செடியைக் கண்டார். இலை, தண்டு எல்லாம் வழக்கம்போல. பூவில் மட்டும் ஒரு வாலுக்குப் பதிலாகச் சுற்றிவர ஐந்து வால். உதடு என்பதே இல்லை, குழாய்போல் ஒழுங்கான பூ. அது தாவரவியலாளர் லின்னேயஸின் கைக்குப் போனபோது, யாரோ வேறு பூவை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவர் முதலில் சந்தேகப்பட்டாராம். 1744இல் அதைப் பற்றி எழுதி, பெலோரியா என்று பெயர் வைத்தார். பூவின் உறுப்புகளை எண்ணி வகை பிரித்தவருக்கு இது பெரிய தலையிடி. ஒரு செடி இன்னொரு செடியாக மாறலாமா என்ற கேள்வி அங்கே எழுந்துவிட்டது.

விடை கிடைக்க இரண்டரை நூற்றாண்டு ஆனது. 1996இல் இங்கிலாந்தின் நோரிச்சில், எங்கள் பாத்தியில் நிற்கும் இதே அன்டிரைனத்தை வைத்து, பூவுக்கு மேல், கீழ் என்ற வேறுபாட்டைக் கொடுக்கும் சைக்ளோய்டியா என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 1999இல் பிலார் கூபாஸ், கோரல் வின்சென்ட், என்ரிகோ கோயன் மூவரும் ஐந்துவால் லினாரியாவில் அதே மரபணுவைப் பார்த்தார்கள். டி.என்.ஏ. எழுத்து வரிசை மாறி மரபணு கெட்டிருக்கவில்லை. அதன்மேல் மெதைல் கூட்டங்கள் என்ற சின்ன இரசாயனத் துண்டுகள் ஒட்டி, மரபணு வேலை செய்யாமல் அடைக்கப்பட்டிருந்தது. சில கிளைகளில் அந்த ஒட்டு விலகினால் பழைய உதட்டுப் பூவே திரும்ப வரும். எழுத்து மாறாமலே மரபணு அடைபடுவதையும் திறப்பதையும் பற்றிப் பிள்ளை பாடக்கொப்பியில் படித்த மேல்மரபியல், கிணற்றடிப் பூவின் கதையாகவே வந்து நின்றது. அதன்பிறகு கதிரின் நுனிப்பூ ஒன்றையும் அவள் எண்ணாமல் விடவில்லை. ஐந்து வால் எங்களுக்கு வரவில்லை. கண்டால் உடனே அந்தக் கிளைக்கு நூல் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

நடுப்பாத்தி அஞ்சலோனியாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு சுகமான செடி. அமெரிக்கக் கண்டங்களின் வெப்ப நாடுகளுக்கு உரியது, வெயில்தான் அதற்கு வேண்டும். நாலு விரல் நீளத்தில் நுனித்தண்டை வெட்டி, கீழ் இலையை நீக்கி, மணலும் உமிக்கரியும் கலந்த கோப்பையில் நிழலில் குத்தி வைத்தேன், வேர் விட்டது. பூவின் அடியில் இரண்டு சின்னப் பைகள் இருப்பதைப் பாருங்கள். அதன் சொந்த நாட்டில் அந்தப் பைகளுக்குள் ஊறுவது எண்ணெய். சென்ட்ரிஸ் என்ற தேனீ கால்களால் அதைத் தேய்த்து எடுத்துப் போகும். அந்தத் தேனீ அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இல்லை. வேலியோரத்தில் நிற்கும் ரசேலியாவும் இந்தக் குடும்பமே. சிவப்புக் குழாய்ப்பூ, தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக் குடிக்கும். போர் முடிந்து 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வளவில் உயிரோடு மிஞ்சியிருந்த பூச்செடி அது ஒன்றுதான். அதன் கொப்புகள் இப்போது ஊரில் பல வேலிகளில் நிற்கின்றன.

கீழ்முனைக்கு வருவோம். நீர்ப்பிரமியைக் குளத்தின் அலைகரையில், தண்ணீர் வற்றி இறங்கும் சேற்றில் எடுத்தேன். தடித்த சின்ன இலை, வெள்ளையும் இளநீலமுமாக ஐந்து மடல் பூ. கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடும். ஒரு பிடி தண்டைக் கொண்டுவந்து ஈரத்தில் பதித்தால் போதும். மண் மூடி நிற்பதால் கிணற்றடிச் சேறு குறைந்தது, தவளையும் வந்து சேர்ந்தது. "வயல் களையைக் காசில்லாமப் பிடுங்கித் தாறன், நீ கொண்டுவந்து நடுறியே!" என்று ஆச்சி கேட்டா. சித்த மருத்துவத்தில் ஞாபகசக்திக்குச் சொல்லும் பிரமி இதுதான் என்றதும் ஒரு பிடி வாங்கிப்போனா. அவவுடைய வளவில் சர்க்கரைவேம்பு தானாக முளைத்து நிற்கிறது. நாலு மடலில் வெள்ளைப் பஞ்சு வைத்ததுபோலச் சின்னப் பூ. அதுவும் இதே குடும்பம்.

மருந்து என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். குடும்பம் ஒன்று என்பதற்காக எல்லாவற்றையும் வாயில் வைக்கக்கூடாது. 1785இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு மருந்தாக எழுதிய டிஜிட்டாலிஸ் செடியும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. அளவு தவறினால் அது உயிரை எடுக்கும். லினாரியாவை மேய்ந்துவிடாமல் மாட்டையும் கட்டிவைத்தேன். பிளாண்டகோ குடும்பம் என்று இன்று சொல்லும் இந்தக் கூட்டத்தில் இசப்கோலும் உண்டு, நஞ்சும் உண்டு.

மாசி நடுவில் பூ தேயத் தொடங்கியதும் லினாரியாவின் ஒரு வரிசையைப் பாதிக்கு வெட்டிவிட்டேன். இன்னொரு தரம் சின்னதாகப் பூத்தது. மற்ற வரிசையை விதைக்கு விட்டேன். நீலப்பட்டைத் தேனீ வந்தாலும் எல்லாப் பூவுக்கும் போதாது, அதனால் நீர்வர்ணத் தூரிகையால் உதட்டைத் திறந்து, செடிக்குச் செடி மாற்றி மகரந்தம் தடவினேன். ஒரே செடிக்குள் தடவாததற்குக் காரணம் இருக்கிறது. டார்வின் லினாரியா வல்காரிஸை இரண்டு பாத்தியாகப் போட்டார். ஒன்று தன் மகரந்தத்தில் விளைந்த விதை, மற்றது அயல் மகரந்தத்தில் விளைந்தது. அயல் விதையில் வந்த செடிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு உயரமாகவும் வலுவாகவும் நின்றன. அங்கே தொடங்கிய பரிசோதனைகளை பதினொரு வருடம் செய்து 1876இல் வெளியிட்டார். என் தேவை சின்னது: அடுத்த கார்த்திகைக்கு வலுவான நாற்று.

காய் மஞ்சளித்து, நுனி வெடிப்பதற்குள் கதிரோடு வெட்டி, கடதாசிப் பைக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன். வெடித்தால் விதை பைக்குள்ளேயே விழும். சலித்து, கரித்துண்டு போட்ட ஹோர்லிக்ஸ் போத்தலில் மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்திருக்கிறேன். பங்குனியோடு லினாரியா காய்ந்து முடிந்தது, அன்டிரைனம் சித்திரையில். அந்த மேல்முனையில் இப்போது அஞ்சலோனியாத் தடிகளை நட்டு, தென்னோலை நிழல் போட்டிருக்கிறேன். கிட்ட இருப்பவர்களுக்குத் தடி வேண்டுமென்றால் வாளியில் தண்ணீரோடு வந்து வெட்டிக்கொண்டு போகலாம். லினாரியா விதைக்கு ஐப்பசி வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும்.